பஞ்சாலைக்கு ஒரு தனித்திட்டம்

சிரம்பானில் ஒரு வாரியம் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளில் புத்தி பிந்தியவர்களுக்கும் புத்தி முந்தியவர்களுக்கும் ஆளுக்கொரு கல்வித் திட்டம், அந்தந்தப் பிள்ளைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, போட்டுக் கொடுப்பது அதன் வேலை. பெயர், தோட்டப் பிள்ளைகள் தனித்திட்ட வாரியம். கடைத்தெருவில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். படியேறியதும் இடது பக்கம் சிறப்புத் தேவைப் பிரிவு, வலது பக்கம் மீத்திறன் பிரிவு, நடுச்சுவரில் வாரியத் தலைவர்களின் படங்கள். எல்லாப் படத்துக்கும் மாலை போட்டிருந்தது. எல்லாரும் உயிரோடுதான் இருந்தார்கள்.

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நான் ஒரு மண்டோர். கோலா சாவா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்குகிறவன். எனக்கு முன்கோபம் என்று என் பெண்சாதி வள்ளியம்மாவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இருக்கட்டும். அந்த வாரியத்தின் படியை நீலாவதியோடு நானும் ஏறி இறங்கியவன். வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

நீலாவதி என் மேற்பார்வையில் பால்மரம் வெட்டுகிறவள், அதாவது பட்டையைக் கத்தியால் கீறி ரப்பர் பால் எடுக்கிறவள். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. அவள் புருஷன் சன்னாசி காட்டு மரம் ஏற்றும் பாலாக் லாரிக்கு வேலைக்கென்று பகாங் பக்கம் போனான். போனவன் போனவன்தான். ஒரே மகள் பஞ்சாலை. அப்போது, தொண்ணூற்றிரண்டாம் வருஷம், அவளுக்கு ஒன்பது வயது. பேச்சு கிடையாது. சிரிப்பு உண்டு, ஓட்டம் உண்டு. கதவு திறந்திருந்தால் போதும், எடுத்தாள் ஓட்டம். லாரி வருகிற பெரிய ரோட்டுக்கும் ஓடுவாள், மழைத்தண்ணீர் புரண்டு போகிற லோங்கானுக்குள்ளும் இறங்குவாள். நெருப்பு சுடும் என்று அவளுக்குத் தெரியாது. தாயைப் பார்த்தால் மட்டும் ஓடி வந்து முந்தானைக்குள் தலையை விட்டுக்கொள்வாள்.

அம்மாமார் விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மரம் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போக எங்கள் தோட்டத்தில் ஓர் ஆயாக்கொட்டகை இருந்தது. அதில் ராக்கம்மா ஆயா. தொட்டில் பிள்ளைகளுக்கு நடுவே ஒன்பது வயதுப் பஞ்சாலையும் கிடந்தாள். ராக்கம்மா பொறுத்துக்கொண்டாள். அந்த வருஷம் கம்பெனி தோட்டத்தில் பாதியை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றது. பிள்ளைகள் குறைந்துவிட்டதால் வருஷக் கடைசியோடு கொட்டகையை மூடப்போவதாக ஆபீசில் அறிவித்துவிட்டார்கள். மூடிவிட்டால் பஞ்சாலையை எங்கே விடுவது? நீலாவதிக்கு இந்த உலகத்தில் இதைத் தவிர வேறு கேள்வியே இல்லை.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே சேர்த்துப் பார்த்தாயிற்று. பெரிய வாத்தியார் நல்ல மனிதர். ஆனால் பஞ்சாலையைத் துரத்திப் பிடிக்கவே தனியாக ஒரு வாத்தியார் வேண்டியிருந்தது. அவர்தான் வாரியத்தைப் பற்றிச் சொன்னார். சிரம்பானில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று வாரியம் ஒரு வகுப்பு நடத்துகிறது, வேன் வைத்து அழைத்துப் போய் மத்தியானம் கொண்டுவந்து விடுகிறார்கள் என்றார். அந்த வேன் எங்களுக்குத் தெரிந்த வேன்தான். தினமும் காலையில் எங்கள் தோட்டத்தை ஒட்டித்தான் போகும். ரோட்டோர நிரையில் மரம் வெட்டும்போது நீலாவதி அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். உள்ளே பாதிக்கு மேல் காலி.

ஒரு நாள் கத்தியும் கையுமாக ரோட்டில் இறங்கி வேனை மறித்துவிட்டாள். டிரைவர் முத்தப்பன் பிரேக் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"அலமா! என்னக்கா, கத்தியோட வந்து நிக்கிறீங்க?"

"தம்பி, என் புள்ளையையும் ஏத்திக்கப்பா. புண்ணியமாப் போவும்."

"புள்ளைக்குத் திட்டம் இருக்கா?"

"என்னா திட்டம்?"

"தனித்திட்டம்லா. அது இல்லாம ஏத்தக்கூடாது. சீட்டு காலியா இருக்கேன்னு பாக்காதீங்க. அது ஒவ்வொன்னும் திட்டத்துக்குக் காத்திருக்கிற சீட்டு."

அன்றைக்கே பெரிய வாத்தியாரை எழுதச் சொல்லி மனு போட்டோம். மாசக்கணக்கில் கிடந்து, கடைசியில் மதிப்பீட்டுக் குழு நேரில் வருவதாகப் பதில் வந்தது.

பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றால் தோட்டத்தில் என்ன செய்வோம்? கம்பெனி துரை வரும்போதெல்லாம் செய்ததைத்தான் செய்தோம். லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தோம். லோங்கானைக் கழுவினோம். துரை வந்தால் இருமுகிறவனைப் பின்வரிசையில் நிறுத்துவோம், கிழிந்த சட்டைக்காரனைக் காட்டுக்குள் அனுப்பிவிடுவோம். குறையைக் காட்டினால் தீர்த்து வைப்பார்கள் என்று எங்களுக்கு யாரும் எந்தக் காலத்திலும் சொல்லித் தந்ததில்லை. குறை தெரிந்தால் வேலை போகும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. பஞ்சாலையையும் அப்படியே தயார் செய்தோம். இப்படி ஓடுகிற பிள்ளையைப் பார்த்தால் வேண்டாம் என்று போய்விடுவார்களே என்கிற பயம்.

லயம் முழுக்கச் சேர்ந்து பழக்கியது. ராக்கம்மா ஆயா பிஸ்கட்டை ஒடித்து ஒடித்துக் கொடுத்து நாற்காலியில் உட்காரப் பழக்கினாள். என் பெண்சாதி கையைக் கூப்ப வைத்தாள். பென்சிலைப் பிடிக்க, வட்டம் மாதிரி ஒன்றைக் கிறுக்க, மூக்கைத் துடைத்துக்கொள்ள, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பாடம். பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் நீலாவதி ஒரு ரோஸ் கவுன் வாங்கி வந்தாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால்கூட அப்படிப் பதறியிருக்க மாட்டோம்.

குழு வந்தது. முன்னால் வந்தவர் சிறப்புத் தேவைப் பிரிவின் தலைவர் அமிர்தலிங்கம். சஃபாரி சட்டை, பையில் மூன்று பேனா. பின்னால் இரண்டு உறுப்பினர்கள், ஒரு போட்டோக்காரர். மாலை போட்டோம். நீலாவதியின் வீட்டுக் கூடத்தில் லயமே திரண்டு நின்றது. அமிர்தலிங்கம் எழுந்து பேசினார்.

"அன்புத் தோட்ட மக்களே! ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தனி உலகம். அந்த உலகத்தை அவசரப்பட்டு நாங்க தொட மாட்டோம். வாரியம் தொடங்கி ஆறு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் எந்த உலகத்தையும் தொடலை. வேன்ல இப்ப வர்ற பிள்ளைங்ககூட வாரியத்துக்கு முன்னாடியே வகுப்புல இருந்தவங்கதான். நாங்களா ஒருத்தரையும் சேர்க்கலை. அவ்வளவு கவனம்!"

நாங்கள் கைதட்டினோம். அவரே தட்டச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பஞ்சாலை நாற்காலியில் உட்கார்ந்தாள். கை கூப்பினாள். பென்சிலால் வட்டம் போட்டாள். மூக்கை வேறு துடைத்துக்கொண்டாள். ராக்கம்மா ஆயாவுக்கு ஆனந்தக் கண்ணீர். உறுப்பினர்கள் தாளில் கோடு கோடாய்ப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கிளம்பும்போதுதான் அது நடந்தது. வாசலில் லயத்துச் சனங்களின் செருப்பு, வந்தவர்களின் சப்பாத்து எல்லாம் மலையாய்க் குவிந்து கிடந்தது. பஞ்சாலைக்கு ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் யார் செருப்பு எது என்று பார்த்துவைத்து, அவரவர் வெளியே வரும்போது அவரவர் காலடியில் கொண்டுபோய் வைப்பாள். யாரும் சொல்லித் தந்ததில்லை. அன்றைக்கும் அப்படியே, குவியலுக்குள் கையை விட்டு அமிர்தலிங்கத்தின் சப்பாத்தை அமிர்தலிங்கத்துக்கு, போட்டோக்காரர் செருப்பைப் போட்டோக்காரருக்கு, லயத்து ஆட்களுக்கு அவரவர் சிலிப்பரை என்று எடுத்து வைத்துக்கொண்டே போனாள். ஒன்று தப்பவில்லை.

அமிர்தலிங்கம் ஒரு கால் சப்பாத்தோடு நின்றுவிட்டார்.

"இது சிறப்புத் தேவை இல்லையே! இது மீத்திறன்!" என்றார். "எங்க பிரிவுக்கு வர வேண்டிய கேஸே இல்லை. எதிர் ரூமுக்குப் போகணும். நல்ல வேளை, தெரியாம சேர்த்திருந்தா எவ்வளவு பெரிய தப்பு!"

நீலாவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணே, நல்லதாத்தானே சொல்றாரு?" என்று என் காதில் கேட்டாள். நல்லதுதான் என்று நானும் சொன்னேன். மீத்திறன் என்றால் என்னவென்று எனக்கு என்ன தெரியும்?

எதிர் ரூமிலிருந்து அழைப்பு வர மழைக்காலம் வந்துவிட்டது. பஞ்சாலையை இடுப்பில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிச் சிரம்பான் போனோம். மீத்திறன் பிரிவின் தலைவர் சொக்கப்பன், விரலில் மோதிரத்தைத் திருகிக்கொண்டே பேசினார்.

"எங்க பிரிவுல இதுவரைக்கும் எத்தனை பிள்ளைங்க தேறியிருக்காங்கன்னு நீங்க கேக்கலாம். ஒருத்தரும் இல்லை. பெருமையாச் சொல்றேன். தரத்தை நாங்க குறைக்கவே இல்லை. தேறுற மாதிரி பரீட்சை வெச்சா எல்லாரும்தான் தேறிடுவாங்க, அப்புறம் மீத்திறனுக்கு என்ன மரியாதை?"

பரீட்சை ஆரம்பித்தது. முதலில் சப்பாத்துப் படம் போட்ட அட்டைகளைக் கொடுத்து ஜோடி சேர்க்கச் சொன்னார்கள். பஞ்சாலை ஓர் அட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். அடுத்து உண்மையான சப்பாத்து வேண்டும் என்று கீழே உள்ள கடையிலிருந்தே பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து தரையில் பரப்பினார்கள். எல்லாம் புத்தம்புதுசு, யார் காலும் படாதது.

"இதுல எது யாருடையது? எடுத்துக் குடும்மா" என்றார் சொக்கப்பன்.

பஞ்சாலை ஒவ்வொன்றாய் எடுத்தாள். உள்ளே பார்த்தாள். அங்கே நின்றவர்களின் காலைப் பார்த்தாள். மறுபடி சப்பாத்தைப் பார்த்தாள். எந்தக் காலுக்கும் அது இல்லை. திரும்பத் திரும்பத் தேடினாள். பிறகு உதடு பிதுங்கியது. சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்படியே ஒன்றுக்கும் போய்விட்டாள், கவுனும் நனைந்து தரையும் நனைந்தது.

"என்னாங்க சார் இது, யாருதும் இல்லாத சப்பாத்த வெச்சிட்டு யாருதுன்னு கேட்டா? நீங்க சொல்லுங்க பாப்போம்!" என்று கத்திவிட்டேன். நீலாவதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

சொக்கப்பன் கோபப்படவில்லை. "அதைச் சொல்லத் தெரிஞ்சாத்தானே மீத்திறன்" என்றார். தாளில் எழுதினார். மீத்திறன் இல்லை.

சரி, இல்லையென்றால் பழைய ரூமுக்கே போவோம் என்று அப்படியே எதிரே நுழைந்தோம். அமிர்தலிங்கம் பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். அமர்தல், வணங்குதல், எழுதுகோல் பிடித்தல், சுத்தம் பேணல் எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு. இப்படிப்பட்ட பிள்ளையை எப்படிச் சிறப்புத் தேவையில் சேர்ப்பது என்று எங்களையே கேட்டார்.

நீலாவதி அவர் மேசை முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா, அதெல்லாம் நாங்க பழக்குனதுங்க. பிஸ்கட்டு குடுத்துப் பழக்குனோம். நீங்க வேணாம்னுட்டுப் போயிடுவீங்களேன்னு பயந்துக்கிட்டுப் பண்ணிட்டோம். அது ஒண்ணுக்குப் போறதுகூட சொல்லத் தெரியாத புள்ளைங்க. இந்தா, நனைஞ்ச கவுனப் பாருங்க. கொட்டாயை மூடுறாங்க ஐயா. நான் வேலைக்குப் போனா அதப் பாத்துக்க ஒரு நாதி இல்ல."

அமிர்தலிங்கம் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க. பழக்கினா பழகுது. பழகுற பிள்ளைக்கு எதுக்கும்மா தனித்திட்டம்? பழகாத பிள்ளைங்க எவ்வளவோ பேர் காத்திருக்காங்க. அவங்க இடத்தை நாம பறிக்கலாமா?"

ஒன்றும் தெரியாத பிள்ளை என்று சொல்லப்போய், எல்லாம் தெரிந்த பிள்ளை என்று தானே சாட்சி சொன்னதாக ஆகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது, "அண்ணே, அத ஓட விட்டுருக்கணும்ணே. அவங்க முன்னால நல்லா ஓட விட்டுருக்கணும்" என்று சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். பஞ்சாலை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மேல்முறையீடு செய்தோம். இரண்டு பிரிவும் கூடிப் பேசி, தீர்ப்பை ஆண்டு விழாவில் சொல்வதாக அறிவித்தார்கள். சிரம்பானில் பெரிய மண்டபம், வாழைமரம், நாதஸ்வரம். நீலாவதியையும் பஞ்சாலையையும் மேடைக்கு அழைத்தார்கள். பஞ்சாலைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவளைவிட அந்தத் துணி பெரிது. மைக்கைப் பிடித்தார் சொக்கப்பன்.

"சபையோரே! ஒரே பிள்ளைக்கு ரெண்டு பிரிவும் உரிமை கொண்டாடாம, ரெண்டு பிரிவும் விட்டுக்குடுத்த பண்பாட்டை இன்னிக்குப் பாக்குறீங்க. செருப்பு விஷயத்துல இந்தப் பிள்ளை உச்சியில இருக்கு. மத்த எல்லாத்துலயும் அடியில இருக்கு. ரெண்டையும் கூட்டி வகுத்தோம். சரிபாதி! ஆக, இந்தப் பிள்ளை ஒரு சராசரிப் பிள்ளைன்னு அறிவிக்கிறதுல வாரியம் பெருமைப்படுது!"

மண்டபம் அதிரக் கைதட்டல். நீலாவதியும் தட்டினாள், பாவி மகள். சராசரி என்றால் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிட்டாள். கீழே இறங்கி வந்து, "வேனு நாளைக்கே வருமாண்ணே?" என்று கேட்டாள். விழாச் சாப்பாட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

வருஷக் கடைசியில் கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. ராக்கம்மா ஆயா செனாவாங்கில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். முதல் கொஞ்ச நாள் நீலாவதி பஞ்சாலையைக் கூடவே மரக்காட்டுக்கு இழுத்து வந்தாள். அது பால் வாளியைத் தட்டிவிட்டுப் பெரிய ரோட்டுக்கு ஓடி, ஒரு லாரிக்காரன் ஒடித்துத் திருப்பி மயிரிழையில் தப்பித்தது.

அதைப் பார்த்தவன் முத்தப்பன். பின்னாலேயே வேனில் வந்துகொண்டிருந்தான். மறுநாள் காலையில் வேனை நிறுத்தி, "ஏத்துக்கா, வர்றது வரட்டும்" என்றான். வகுப்பில் இருந்த டீச்சரும் ஒன்றும் கேட்கவில்லையாம். பாய் போட்டு உட்கார வைத்தார்களாம், மணி ஆட்டிப் பாட்டுப் பாடினார்களாம். அந்த நாட்களில் நீலாவதி வெட்டிய பாலைப் பார்க்க வேண்டும்! மரத்துக்கு மரம் ஓடினாள். மத்தியானம் வேன் வந்து நிற்கும்போது பஞ்சாலை ஜன்னலில் முகத்தை அமுக்கிக்கொண்டு சிரிப்பாள். ஒரு நாள் 'மா' என்று ஒரு சத்தம் போட்டாளாம். என்னை அழைத்துக் காட்ட நீலாவதி எவ்வளவோ முயன்றாள். என் முன்னால் பிள்ளை அதைச் சொல்லவில்லை.

அதுவும் கெட்டது. வாரியத்துக் காலண்டருக்குப் போட்டோ எடுக்க வந்தவர்கள் வேனுக்குள் இருந்த பிள்ளைகளை எண்ணியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை கூடுதலாக இருந்தது. திட்டமில்லாத பிள்ளை வேனில் உட்கார்ந்தால் இனித் திட்டத்தோடு வரப்போகிற பிள்ளைகளுக்கு என்ன மரியாதை என்று முத்தப்பனைக் கூப்பிட்டு ஏசி, இன்னொரு தடவை ஏற்றினால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கும் மூன்று பிள்ளைகள். மறுநாள் எங்கள் தோட்டத்தைத் தாண்டும்போது அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பஞ்சாலை ரோஸ் கவுனோடு ரோட்டோரம் நின்றாள்.

அதற்குப் பிறகுதான் நீலாவதி அவளைக் கட்ட ஆரம்பித்தாள். பழைய சேலையைக் கிழித்துத் திரித்து ஒரு நுனியைக் கட்டில் காலிலும் மறுநுனியைப் பிள்ளையின் கணுக்காலிலும். சோறும் தண்ணீரும் கை எட்டுகிற தூரத்தில். கதவைப் பூட்டிவிட்டுப் பெரட்டுக்கு வந்து நிற்பாள். பத்து மணித் தேத்தண்ணி நேரத்துக்கு என் பெண்சாதி ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். முதலில் பஞ்சாலை கத்திய கத்தல் மரக்காடு வரைக்கும் கேட்டது. கேட்காத மாதிரி எல்லாரும் மரம் வெட்டினார்கள். நீலாவதியும் வெட்டினாள். அப்போது அவள் முகத்தை யாரும் பார்க்க மாட்டோம். கணுக்காலில் புண் வந்தது, ஆறியது, தடித்துப் போனது. அப்புறம் கத்தல் நின்றுவிட்டது.

இப்படியே ஏறக்குறைய ஒரு வருஷம். ஒரு நாள் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் வாரியத்துக் கார் வந்து லயத்து வாசலில் நின்றது. அமிர்தலிங்கம், போட்டோக்காரர், கையில் சிவப்பு நாடா கட்டிய ஒரு கோப்பு.

"மண்டோர்! நல்ல சேதி. வாரியத்துல சராசரிப் பிரிவுன்னு மூணாவதா ஒண்ணு தொடங்கியாச்சு. நான்தான் தலைவர். வாரியத்தோட முதல் தனித்திட்டம் உங்க பஞ்சாலைக்குத்தான்! மலர்ல படத்தோட வரப்போகுது. அம்மாவைக் கூப்பிடுங்க."

நான் அந்த வயதில் ஓடிய ஓட்டத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. திட்டம் வந்துவிட்டது, இனி வேன் நிற்கும் என்று காட்டுக்குள் நான் போட்ட கூச்சலில் எல்லாரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். நீலாவதி முக்காட்டுத் துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்தாள். போட்டோக்காரர் வாசலில் வெளிச்சம் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது முதலில் உள்ளே போய்ப் பிள்ளையின் கால் கட்டை அவிழ்த்துவிட்டு, பிறகு கதவை அகலத் திறந்தாள்.

"இந்தத் தடவ ஓடட்டும்ணே. நல்லா ஓடட்டும், அவங்க பாக்கட்டும்" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

பஞ்சாலை கட்டில் காலோரம் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தே இருந்தது. வெளியே வெயிலும் ரோடும் தெரிந்தன. ஆட்கள் வந்தார்கள், கேமரா மின்னியது. அவள் அசையவில்லை. அமிர்தலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு வாரியத்தின் வரலாறு, தலைவர்களின் தியாகம் எல்லாம் சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்தார்.

"மாணவி பஞ்சாலைக்கான தனித்திட்டம். நீங்க சொன்னதையெல்லாம் கணக்குல எடுத்து வல்லுநர்களை வெச்சுத் தயாரிச்சது. இலக்கு ஒண்ணு: ஓடாம ஓரிடத்துல அமர்ந்திருத்தல். காலம், ரெண்டு வருஷம். வழிமுறை, வேன்ல தினம் வகுப்புக்கு வருதல்..."

நீலாவதி கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போது அமிர்தலிங்கம் பேச்சை நிறுத்திப் பிள்ளையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பிள்ளையைப் பார்த்தார்.

"நாம வந்து இவ்வளவு நேரம் ஆகுது. ஒரு தடவைகூட எழுந்திரிக்கலையே! அம்மா, இலக்கை எட்டியாச்சே! ரெண்டு வருஷத் திட்டம், தொடங்குறதுக்கு முன்னாடியே வெற்றி! எப்படிம்மா சாதிச்சீங்க?"

நீலாவதி குனிந்து கட்டிலடியிலிருந்து அந்தச் சேலைக் கயிற்றை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"கட்டிப் போட்டேன் ஐயா. இதாலதான் கட்டிப் போட்டேன். பெத்த புள்ளையக் கட்டிப் போட்டேன்."

அவர் கயிற்றைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார். என்னதான் இருந்தாலும் மனிதர்தானே, ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'வீட்டில் கிடைக்கும் எளிய பொருளைக் கொண்டு தாயே அளித்த பயிற்சி' என்று எழுதிக்கொண்டார்.

"அப்ப வேனு ஐயா?"

"வேன் எதுக்கும்மா இனிமே? வேன் இலக்குக்குப் போற வழிதானே. இலக்குக்கே வந்து சேர்ந்துட்ட பிள்ளையை மறுபடி வழியில கொண்டுபோய் விடலாமா?"

திட்டம் நிறைவேறியது என்று முத்திரை குத்தி, கோப்பை மூடி, அதை நீலாவதி கையில் கொடுக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, பிறகு கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஏதேதோ ஏசினேன். கார் கண்ணாடி ஏற்றியிருந்தது.

திரும்பி வந்து பார்த்தால் நீலாவதி பிள்ளையின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஓடுடி! எங் கண்ணுல்ல, ஓடுடி. அந்தா பாரு ரோடு. அம்மா புடிக்க வர மாட்டேன், அடிக்க மாட்டேன். ஒரே ஒரு தடவ ஓடிக் காட்டுடி தங்கம்!"

பஞ்சாலை முற்றத்தில் வெயிலில் நின்று கண்ணைச் சுருக்கினாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். அவள் அழுவது பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. தான் என்ன தப்புச் செய்தோம் என்று தேடுகிற மாதிரி இருந்தது. மெல்லத் திரும்பி வீட்டுக்குள் போனாள். கட்டில் காலோரம் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கீழே கிடந்த சேலைக் கயிற்றை எடுத்துத் தாயிடம் நீட்டிவிட்டு, காலையும் நீட்டினாள்.

நீலாவதி போட்ட அலறலைக் கேட்டு லயமே ஓடி வந்தது. வள்ளியம்மா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் விடியுமுன் பெரட்டில் வழக்கம்போல் பெயர் கூப்பிட்டேன். நீலாவதி வந்திருந்தாள். பிள்ளையைக் கட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள், வேறென்ன செய்வாள்? "வந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு தன் நிரைக்குப் போனாள்.